ஆசியக் காற்பந்தின் கிராணி



கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எந்தப் பழைய தோட்டத்திற்குச் சென்றாலும் கோயில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, திடல் ஆகிய நான்கும் கட்டாயம் இருக்கும். புக்கிட் ரோத்தானாகட்டும், ஈஜோக்காகட்டும், ஜெரமாகட்டும், இதில் மாற்றமில்லை. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, வெயில் ஏறும்வரை மரம் வெட்டி, பால் நிறுத்துவிட்டு வந்த அதே கால்கள்தாம் மாலையில் அந்தத் திடலில் பந்தை உதைத்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் லோரி ஏறி அடுத்த தோட்டத்துக்குப் போய் விளையாடிவிட்டு, தோற்றாலும் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பிய கதைகளை உங்கள் வீட்டுத் தாத்தாமாரிடம் கேட்டுப் பாருங்கள்.

பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்து வந்த பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. இந்நாட்டில் வாணிபத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான், ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் என்று வரலாறு சொல்கிறது. ஒரு மனிதர் தனியாகவா அத்தனை கன்றுகளையும் நட்டிருப்பார்? குழி தோண்டியவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. காற்பந்திலும் ஏறக்குறைய இதே வழக்கந்தான். கோல் போட்டவர் பெயர் நிற்கும். ஆட்டம் நடப்பதற்கு வழிசெய்தவர் பெயர் மறைந்துவிடும். அப்படி மறையவிடக்கூடாத ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் டத்தோ பீட்டர் வேலப்பன்.

வேலப்பன் 1935ஆம் ஆண்டு நெகிரி செம்பிலானில் சிலியாவ் என்ற இடத்தில் பிறந்தார். ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. ஆசிரியப் பணியில் இருந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பாசம் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் வளர்ந்த காலம் மலாயாக் காற்பந்து எழுந்து நின்ற காலம். துங்கு அப்துல் ரஹ்மான் 1951இல் மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானார். நாடு விடுதலை பெற்ற 1957இல் மெர்டேக்கா கிண்ணப் போட்டி தொடங்கியது. மறு ஆண்டே துங்கு ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைவருமானார். 1954இல் மணிலாவில் பிறந்த அந்தச் சம்மேளனத்தின் அலுவலகம் பின்னர் ஹாங்காங்கிலிருந்து கோலாலம்பூருக்கே வந்து சேர்ந்தது. ஒரு சின்ன நாட்டின் தலைநகரம் ஆசியா முழுவதற்கும் பந்து விளையாட்டின் தலைமையகமானது இப்படித்தான்.

வேலப்பன் முதலில் மலேசியக் காற்பந்துச் சங்கத்தில் பணியாற்றினார். நம் தேசியக் குழு 1971இல் சியோலில் தென்கொரியாவை ஒன்றுக்குச் சுழியம் என்று வென்று, மறு ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றதே, அந்த ஒலிம்பிக் குழுவின் பொறுப்பாளர்களில் அவரும் ஒருவர். மு. சந்திரன் தற்காப்பில் நின்ற குழு அது. மியூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடம் மூன்று கோல்கள் வாங்கினோம். அமெரிக்காவுக்கு மூன்று கொடுத்தோம். மொரோக்கோவிடம் ஆறு வாங்கினோம். அந்த ஆறைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. அங்கே போய்ச் சேர்வதே எத்தனை பெரிய காரியம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

1978இல் வேலப்பன் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளரானார். 2007 வரை இருபத்தொன்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். தலைவர்கள் மாறினார்கள், செயலாளர் மாறவில்லை. செயலாளர் என்றால் என்ன வேலை? தோட்டத்துக் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். செக்ரோல் புத்தகம் அவர் கையில்தானே! யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அவரிடம். துரை கையெழுத்துப் போடுவார். தோட்டம் ஓடுவது கிராணியின் பேனாவில். எந்த நாடு எந்த நாட்டோடு எங்கே ஆடுவது, நடுவர் யார், வராத குழுவுக்கு என்ன தண்டனை என்பதெல்லாம் ஒரு கண்டம் முழுவதற்கும் அந்த அலுவலகத்தின் வழியாகவே நடந்தேறின.

ஆசியாவோ ஒற்றுமையான குடும்பமன்று. ஈரானும் ஈராக்கும் 1980 முதல் 1988 வரை போரிட்டன. அந்நாளில் ஈராக் தன் சொந்த மண்ணில் ஓர் ஆட்டமும் ஆட முடியாமல், வேற்று நாட்டுத் திடல்களிலேயே விளையாடி 1986ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. பொது இடத்தில் ஆட மறுத்த ஈரான் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. குண்டு விழும் நாட்களிலும் ஆட்ட அட்டவணை ஒன்று தயாராக வேண்டியிருந்தது.

அவர் காலத்தின் பெரிய வழக்கு, உலகக் கிண்ணத்தில் ஆசியாவின் பங்கு. 1978இல் அர்ஜென்டினாவுக்குப் போன பதினாறு நாடுகளில் ஆசிய நாடு ஒன்றே ஒன்று, ஈரான். உலக மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாழும் கண்டத்துக்கு ஒரே ஓர் இடம்! பிறகு அது இரண்டானது. 1998இல் மூன்றரை ஆனது. அரை என்பது, வேறொரு கண்டத்தின் குழுவை வென்றால் கிடைக்கக்கூடிய இடம். 2002இல் கொரியாவும் ஜப்பானும் போட்டியை ஏற்று நடத்தவிருந்தன. நடத்தும் நாடுகளின் இரண்டு இடங்களைக் கழித்தால் ஆசியாவின் மற்ற நாடுகள் அனைத்துக்கும் எஞ்சியது இரண்டு. 1999 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உலகச் சம்மேளனத்தின் பேரவை கூடியபோது, ஆசியப் பேராளர்கள் எழுந்து வெளிநடப்புச் செய்தார்கள். போட்டியையே புறக்கணிப்போம் என்றும் எச்சரித்தார்கள். அப்போது தலைவர் பகாங் சுல்தான் அகமட் ஷா, செயலாளர் வேலப்பன்.

சம்பளப் பேச்சுவார்த்தையும் வேலைநிறுத்தமும் கண்ட தோட்டத்து மக்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. கேட்டது ஒரு முழு இடம். கிடைத்தது அரை இடம். ஐரோப்பிய நாடு ஒன்றுடன் மோதிப் பார்க்கலாம் என்றார்கள். 2001இல் ஈரான் அயர்லாந்திடம் தோற்று, அந்த அரையும் கைநழுவியது. ஆனால் 2002இல் தென்கொரியா இத்தாலியையும் ஸ்பெயினையும் வீழ்த்தி அரையிறுதிவரை சென்றது. அந்தப் போட்டியின் ஒருங்கிணைப்புப் பொறுப்பிலும் வேலப்பன் இருந்தார். 2006இல் ஆசியாவுக்கு நாலரை இடங்கள்.

இனி ஒரு கசப்பான சங்கதி. ஆசியா வளர்ந்த அதே ஆண்டுகளில் நம் நாடு தேய்ந்தது. இரா. ஆறுமுகம் கோல்கம்பத்தைக் காத்த 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றோம். அரசியல் புறக்கணிப்பால் போகவில்லை. 2007இல் ஆசியக் கிண்ணத்தைச் சொந்த மண்ணில் நடத்தியபோது சீனாவிடம் ஐந்து, உஸ்பெகிஸ்தானிடம் ஐந்து, ஈரானிடம் இரண்டு என்று பன்னிரண்டு கோல்கள் வாங்கினோம், போட்டது ஒன்று. இதற்கு வேலப்பனைக் குறை சொல்வது நியாயமாகுமா? அவர் ஆசியாவின் செயலாளர். மலேசியக் குழுவின் பயிற்சி அவர் கையில் இல்லை. நம் காற்பந்தின் குறைகளை அவர் வெளிப்படையாகச் சொல்லி வந்தவர். அதனால் சிலருக்கு அவரைப் பிடிக்காமலும் போனது. என் கருத்து வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமைத் திடல்களும் போயின. ஊற்று அடைபட்ட பிறகு ஆற்றில் நீர் எப்படி ஓடும்?

வேலப்பன் 2018 அக்டோபர் 20ஆம் நாள், தமது 83ஆம் வயதில் காலமானார். மறுவாரம் என் வகுப்பில் அவர் படத்தைக் காட்டி, இவர் யார் என்று கேட்டேன். ஒரு பையன் மட்டும் கை உயர்த்தி, "சார், இவர் எந்தப் பொசிஷன்ல விளையாடுனாரு?" என்று கேட்டான். கரும்பலகையில் ஒரு திடலை வரைந்து, அதற்கு வெளியே ஒரு மேசையும் நாற்காலியும் வரைந்து காட்டினேன்.