அந்த அணியை ஏற்றிச் செல்ல ஆளில்லை

பல்கலைக்கழகத்தில் படித்தபோது ரக்பி அணியில் எனக்கு ஒரு பொறுப்பு இருந்தது. விளையாடுவது அல்ல. அதற்கான உடம்பு எனக்கு எப்போதுமே வாய்த்ததில்லை. என் வேலை பஸ் பிடித்துக்கொடுப்பது. ஈப்போவிலோ ஜொகூரிலோ ஆட்டம் என்றால் இருபத்தைந்து பேருக்கு பஸ், படுக்க இடம், காலைப் பசியாறல், முதல் நாள் மாலை ஒரு மணி நேரம் பயிற்சி செய்ய ஒரு திடல், ஐஸ் பெட்டி, தண்ணீர். எல்லாம் ஓர் எக்செல் தாளில் என் கையில் இருக்கும். பஸ்ஸில் ஏறியதும் ஆட்டக்காரர்கள் தூங்கிவிடுவார்கள். நான் முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுநர் அண்ணனோடு பேசிக்கொண்டே போவேன். மூன்று வருடம் அப்படிப் போனேன். அந்த அண்ணனின் முழுப்பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

1971இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணி ஆஸ்திரேலியாவுக்குப் போன கதையைப் படித்தபோதுதான் இது உறைத்தது. ஓர் அணி ஊர் ஊராகப் போய் விளையாட எத்தனை பேருடைய கைகள் வேண்டும் என்பதை அந்த ஆறு வாரங்கள் உலகத்துக்குக் காட்டின. அந்தக் கைகளில் சில வேலை செய்ய மறுத்ததுதான் காரணம்.

பழைய பயணங்கள் வேறு மாதிரி. 1905இல் நியூசிலாந்து அணி பிரிட்டனுக்குக் கிளம்பியது. ஜூலை 30 அன்று வெலிங்டனில் ‘ரிமுட்டாக்கா’ கப்பலில் ஏறியவர்கள், மொண்டிவிடியோ, டெனரீஃப் வழியாக செப்டம்பர் 8 அன்று பிளிமத்தில் இறங்கினார்கள். ஏறத்தாழ ஆறு வாரக் கடல் பயணம். கப்பல் தளமே பயிற்சித் திடல். கரை இறங்கி எட்டாவது நாள் டெவன் அணியை 55–4 என்று வென்றார்கள். கப்பலில் ஏறிவிட்டால் சாப்பாடு, படுக்கை, பயணம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். கீழே கொதிகலனுக்கு நிலக்கரி வாரிப் போட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பயணமே இல்லை. ஆனால் மேல்தளத்தில் ஓடுகிறவர்களுக்கு அதை நினைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

விமான காலத்தில் பயணம் சுருங்கியது. ஆனால் நம்பியிருக்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை கூடியது. விமானத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறவர், பெட்டி ஏற்றுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், ஹோட்டல் அறை துடைக்கிறவர் என்று ஒரு நீண்ட சங்கிலி. எஞ்சினியர்களுக்குத் தெரியும்: கண்ணி கூடக் கூட, அறுந்துபோகக்கூடிய இடங்களும் கூடும்.

இதை முதலில் பயன்படுத்தியவர்கள் பிரிட்டனின் போராட்டக்காரர்கள். 1969–70இல் அங்கே போன தென்னாப்பிரிக்க அணியை அவர்கள் திடலில் மட்டும் எதிர்க்கவில்லை. ஹோட்டலுக்குள் புகுந்து அறைப் பூட்டுகளில் பசை ஊற்றினார்கள். லண்டனில் இங்கிலாந்துடனான ஆட்டத்தன்று, ஒருவர் ஓட்டுநர் போல அணியின் பஸ்ஸில் ஏறி, தன்னை ஸ்டீயரிங்கோடு சங்கிலியால் பிணைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். சற்றுத் தூரத்தில் பஸ் மோதி நின்றது.

ஏன் இவ்வளவு எதிர்ப்பு? ‘ஸ்பிரிங்பாக்’ என்று அழைக்கப்பட்ட அந்தத் தேசிய அணி வெள்ளையர்களுக்கு மட்டுமானது. திறமை இருந்தாலும் கறுப்பர், கலப்பினத்தார், இந்தியர் யாருக்கும் அதில் இடமில்லை. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். எங்கே வசிக்கலாம், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், யாரைக் கல்யாணம் கட்டலாம் என்று முடிவு செய்த அதே இன ஒதுக்கல்தான் பச்சை ஜெர்சியை யார் போடலாம் என்பதையும் முடிவு செய்தது. நம் துங்கு 1960 காமன்வெல்த் மாநாட்டிலேயே இதைக் கண்டித்துப் பேசியிருந்தார். 1971 ஜனவரியில் சிங்கப்பூரில் கூடிய காமன்வெல்த் தலைவர்களும் இனப்பாகுபாட்டுக்கு எதிராகப் பிரகடனம் வெளியிட்டார்கள். அதில் கலந்துகொண்ட நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. ஐந்து மாதம் கழித்து ஸ்பிரிங்பாக் அணி பெர்த்தில் வந்து இறங்கியது.

ஆறு வாரத்தில் 13 ஆட்டங்கள். சராசரியாக மூன்று நாளுக்கு ஒன்று. பெர்த்திலிருந்து சிட்னி மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். விமானம் இல்லாமல் இந்த அட்டவணை நடக்காது. ஆஸ்திரேலியத் தொழிற்சங்கச் சம்மேளனம் அப்போது பாப் ஹாக் தலைமையில் இருந்தது. சம்மேளனம் சுற்றுப்பயணத்தை எதிர்த்தது. இந்த அணியை ஏற்றும் விமானங்களில் வேலை செய்ய மாட்டோம் என்று சங்கங்கள் சொல்ல, உள்நாட்டில் பறந்த இரண்டு பெரிய விமான நிறுவனங்களும் அணியை ஏற்ற முடியாது என்று கைவிரித்தன. பிரதமர் மெக்மேன் விமானப்படை விமானங்களைத் தருவதாகச் சொன்னார். கடைசியில் வாடகைக்கு எடுத்த சின்னச் சின்ன விமானங்களில் அந்த அணி கண்டத்தின் குறுக்கே பறந்தது. உலகத்தின் கனத்த மனிதர்களில் சிலர் சிறு விமான சீட்டுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்ததை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பேன்.

தரையிலும் நிம்மதி இல்லை. சிட்னியில் தங்கிய ஹோட்டலுக்கு வெளியே கூட்டம். மைதானத்தைச் சுற்றி முள்கம்பி. உள்ளே புகைக்குண்டுகள். ஓர் இரவு கட்டடத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த இருவர் சிட்னி மைதானத்துக்குள் புகுந்து கோல் கம்பத்தை ரம்பத்தால் அறுக்க முயன்றார்கள். மெரெடித் பர்க்மன் என்ற இளம்பெண் திடலுக்குள் ஓடியதற்காகச் சிறைத் தண்டனை பெற்றார். பிற்காலத்தில் அவர் நியூ சவுத் வேல்ஸ் மேலவையின் தலைவரானார்.

பிரிஸ்பேனில் நடந்தது இன்னும் விசித்திரம். குவீன்ஸ்லாந்து முதல்வர் பியெல்கி பீட்டர்சன் மாநிலத்தில் ஒரு மாத அவசரநிலையை அறிவித்தார். நமக்கு அவசரகாலம் என்றால் 1948, கம்யூனிஸ்டுகள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்கள். அங்கே ஒரு ரக்பி அணிக்காக! வேலி போட வசதியான கண்காட்சித் திடலுக்கு ஆட்டத்தை மாற்றினார்கள். ஜூலை 22 இரவு, அணி தங்கிய டவர் மில் ஹோட்டல் எதிரே நின்ற கூட்டத்தின் மீது போலீஸ் பாய்ந்து, அவர்களை எதிரே இருந்த சரிவான பூங்காவுக்குள் விரட்டியது.

சரி, விளைவு என்ன? ஸ்பிரிங்பாக் அணி 13 ஆட்டங்களையும் வென்றது. டெஸ்ட் ஆட்டங்கள் மூன்றிலும் ஆஸ்திரேலியா தோற்றது. டவர் மில் சம்பவத்துக்கு இரண்டு நாள் கழித்து குவீன்ஸ்லாந்தில் நடந்த இரண்டு இடைத்தேர்தல்களிலும் அரசுத் தரப்பே ஜெயித்தது. அந்த ஜூலையில் யாராவது கணக்குப் போட்டிருந்தால் போராட்டம் தோல்வி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஆனால் செப்டம்பரில் கிரிக்கெட் வாரியத் தலைவர் டான் பிராட்மன், அந்தக் கோடையில் வரவிருந்த தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணியின் பயணம் ரத்து என்று அறிவித்தார். அடுத்த ஸ்பிரிங்பாக் சுற்றுப்பயணம் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது 1993இல்தான். 1981இல் அவர்கள் நியூசிலாந்துக்குப் போனபோது, தன் மண்ணைத் தொட ஆஸ்திரேலிய அரசு அனுமதிக்கவில்லை. பசிபிக் கடலின் மறுபக்கம், அமெரிக்கா வழியாகச் சுற்றிப் போனார்கள். பத்து வருடத்துக்கு முன் சுமை தூக்குகிறவர்கள் சொன்ன ‘முடியாது’ இப்போது அரசின் கொள்கையாகியிருந்தது.

இந்தக் கதையைத் தொழிலாளர் வீரகாவியமாக எழுதிவிட எனக்கு ஆசைதான். ஆனால் இரண்டு விஷயங்கள் தடுக்கின்றன. ஒன்று, ஆஸ்திரேலியத் தொழிற்சங்கங்களின் பழைய வரலாறு. 1878இல் அங்கே கப்பல் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தது சீன மாலுமிகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்து. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கைக்குப் பல பத்தாண்டுகள் முட்டுக்கொடுத்ததும் சங்கங்கள்தான். மறுக்கிற கை எப்போதும் நியாயத்தின் கை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, அந்த மண்ணின் பூர்வகுடிகள் கேட்ட கேள்வி. தென்னாப்பிரிக்கக் கறுப்பர்களுக்காகத் தெருவில் இறங்குகிற நீங்கள், எங்களுக்காக எப்போது இறங்குவீர்கள்? கேரி ஃபோலியும் நண்பர்களும் ஸ்பிரிங்பாக் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு சிட்னி ஹோட்டல் முன் போய் நின்றார்கள். எந்தக் கறுப்பனும் போட முடியாத ஜெர்சி அது. அதை அவர்களுக்குக் கொடுத்தவர் ஜிம் பாய்ஸ், இந்தத் தொடரில் ஸ்பிரிங்பாக்குகளுக்கு எதிராக விளையாட மாட்டோம் என்று அறிவித்த ஏழு ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களில் ஒருவர். ஏழு பேருமே முன்பு தென்னாப்பிரிக்காவுக்கு விளையாடப் போய், அங்கே நடப்பதை நேரில் பார்த்து வந்தவர்கள். அடுத்த ஜனவரியில் கேன்பராவில் பூர்வகுடிகளின் கூடாரத் தூதரகம் எழுந்தது. மூச்சுத் திணறத் திணற ஒரு கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது.

‘விளையாட்டில் அரசியலைக் கொண்டுவராதே’ என்று அன்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இன்றும் சொல்கிறார்கள். ஆட்டக்காரர் விளையாடட்டும், ஓட்டுநர் ஓட்டட்டும், எஞ்சினியர் அட்டவணை போடட்டும். எங்கள் தொழிலில் இந்த வார்த்தை இன்னும் இனிமையாக வரும்: “நீ டெக்னிக்கல் சைட்டை மட்டும் பாருப்பா.” வேலையிடத்தில் நான் அதற்குப் பலமுறை தலையாட்டியிருக்கிறேன். ஆனால் பெட்டி ஏற்றுகிறவர் பேசாமல் ஏற்றும்வரைதான் அந்த அணி வெறும் விளையாட்டு அணி. அவர் கையை எடுத்ததும் பிரதமர் விமானப்படையைப் பற்றிப் பேச வேண்டிவந்தது. அரசியல் புதிதாக உள்ளே வரவில்லை. முன்பே சீட்டில் உட்கார்ந்திருந்தது.

அந்த எக்செல் தாள் இன்னும் என் பழைய மடிக்கணினியில் இருக்கிறது. போன வாரம் திறந்து பார்த்தேன். இருபத்தைந்து ஆட்டக்காரர்களின் பெயர், ஜெர்சி எண், ரத்த வகை, சைவமா அசைவமா என்பதுவரை இருக்கிறது. கடைசி வரியில் ‘பஸ் – 1’ என்று மட்டும் போட்டிருக்கிறேன்.