லினக்ஸின் வாயிற்காவல்

கணினியின் உறுப்புக்களை ஆண்டு நடத்தும் மென்பொருளை இயக்க முறைமை என்பர். அதன் நடுநாயகமான பகுதி கருநிரல் எனப்படும். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார், 1991 ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டார். 1992 இல் அதனை றிச்சட் ஸ்டோல்மன் வகுத்த ஜீபிஎல் என்னும் பொது உரிமத்தின் கீழ் வைத்தார். எவரும் அதனை எடுக்கலாம், திருத்தலாம், விற்கவுஞ் செய்யலாம். ஆயின், திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர், மனிதர் படிக்கத்தக்க மூலநிரலையும் அதே உரிமத்தோடு வழங்குதல் வேண்டும்.

இடர் விளைந்தது கருவி செய்வோரிடத்தே. தம் கருவியை இயக்கும் நிரலை வெளியிட விரும்பாத கம்பனிகள், அதனைத் தனிக்கூறாக ஆக்கி, ஓடிக்கொண்டிருக்கும் கருநிரலிற் செருகின. செருகப்பட்ட கூறு கருநிரலின் பகுதியா, அன்றி விருந்தாளியா? அன்ட்ரூ கோப்பு முறைமை போல, வேறு முறைமைகளுக்கென முன்னரே எழுதப்பட்டவற்றை லினக்ஸிலிருந்து பிறந்தவை எனல் பொருந்தாதென்றார் டோர்வால்ட்ஸ். லினக்ஸுக்கெனவே எழுதப்படுவனவற்றுக்கு அச்சமாதானம் எளிதிற் பொருந்தாது.

ஆதலால் 2001 இல் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒவ்வொரு கூறும் தன் உரிமத்தைத் தானே அறிவித்தல் வேண்டும். மூடிய கூறு நுழையின், கருநிரல் 'கறைபட்டது' எனக் குறிக்கப்படும். கறைபட்ட கணினியிற் பிழை நேரின், பூட்டிய நிரலுள் அதன் காரணத்தை எவரால் தேட முடியும்? கருநிரலின் சில வசதிகளும் பொது உரிமக் கூறுகளுக்கே திறந்துவிடப்பட்டன.

இக்காவலை 2004 இல் மோடெம் இயக்கிகளை வழங்கிய ஒரு கம்பனி வியப்பான முறையிற் கடந்தது. தன் அறிவிப்பில் முதலில் 'ஜீபிஎல்' என எழுதி, அதன்பின் கண்ணுக்குப் புலப்படாத வெற்றுக்குறி ஒன்றை இட்டது. அதற்கப்பாலே, அவ்வுரிமம் குறித்த சில கோப்புக்களுக்கே உரியதென எழுதியிருந்தது. கருநிரல் எழுதப்பட்ட சி மொழியில் வெற்றுக்குறியே சொற்றொடரின் முடிவு. எனவே கருநிரல் முதற்சொல்லை மட்டும் படித்து வழிவிட்டது! இதனைக் கண்ட கருநிரலாளர் வெகுண்டனர். கூறுகள் பல இருந்தமையால், ஒவ்வொன்றுக்கும் எழுந்த எச்சரிக்கை பாவனையாளரை மருட்டியதென்றும், அதைத் தவிர்க்கவே அவ்வாறு செய்ததென்றும் கம்பனி விளக்கிற்று. அவ்விளக்கம் முழுப்பொய் எனத் தள்ளத்தக்கதன்று. எனினும் அறிவிப்பென்பது அறிவித்தற்கே உரியது.

படக்காட்டி அட்டைகளுக்குப் பேர்பெற்ற என்விடியாக் கம்பனி நெடுங்காலம் தன் கூறுகளை மூடியே வைத்திருந்தது. 2022 மே மாதத்தில், தன் புதிய அட்டைகளுக்கான கருநிரற் கூறுகளின் மூலநிரலை அது வெளியிட்டது. கருநிரலுக்கு வெளியே தொழிற்படும் பகுதிகளை மட்டும் திறக்கவில்லை.