எல்வா ஆறும் சல்மன் மீனும்



சல்மன் என்றதும் நம்மிற் பலருக்குக் கடைத் தட்டில் அடுக்கிய தகரப்பேணியே நினைவுக்கு வரும். அப்பேணிக்குள் அடங்காத வரலாறு ஒன்று அம்மீனுக்கு உண்டு. பசிபிக் கரையோரத்துச் சல்மன் ஆற்றின் கூழாங்கற்களிடையே முட்டையினின்றும் பிறக்கின்றது. கடலுக்குச் சென்று வளர்கின்றது. சில ஆண்டுகளின் பின் தான் பிறந்த ஆற்றையே நாடி மீள்கின்றது. பிறந்த நீரின் மணமே அதற்கு வழிகாட்டுகின்றது என்பதை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஆர்தர் ஹாஸ்லர் முதலியோர் 1950களில் எடுத்துக்காட்டினர். முட்டையிட்டபின் அது மடிகின்றது. அதன் உடல் கரடிக்கும் கழுகுக்கும் இரையாகி, கரைக்காட்டு மரங்களுக்கும் உரமாகின்றது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே எல்வா என்றோர் ஆறு உண்டு. ஐவகைச் சல்மன்களும் அதில் ஏறி வந்தன. அக்கரையில் வாழும் கிளாலம் பழங்குடியினர்க்கு அம்மீன் உணவு மாத்திரமன்று, வழிபாடுமாகும். இவ்வாற்றின் குறுக்கே, முகத்துவாரத்திலிருந்து ஏறக்குறைய 5 மைல் தொலைவில், மின்சாரம் பெறுதற்பொருட்டு 1913 இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. மீன் ஏறும் ஆறுகளில் அணை கட்டுவோர் மீனுக்கு வழிவிடல் வேண்டும் என அம்மாநிலச் சட்டம் அதற்கு முன்னரே விதித்திருந்தது. எனினும் எல்வா அணையில் அவ்வழி அமைக்கப்படவில்லை. அதற்கு ஈடாக மீன்குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றை நிறுவுதற்கு அதிகாரிகள் உடன்பட்டனர். அந்நிலையமும் 1922 இல் கைவிடப்பட்டது. 1927 இல் ஆற்றின் மேற்பகுதியில் இரண்டாவது அணையும் எழுந்தது. 1938 இல் ஒலிம்பிக் தேசியப் பூங்கா அமைந்து அப்பகுதிக் காடு காக்கப்பட்டது. ஆனால் அக்காட்டு நீரோடைகளுக்குச் சல்மன் திரும்பவில்லை.

இங்ஙனம் நேர்ந்தமைக்குப் பேராசை ஒன்றே காரணமன்று. ஆறு போயினும் பொரிப்பு நிலையம் போதும் என்ற நம்பிக்கை அக்காலத்து மக்களிடையே பரவியிருந்தது. தொட்டியில் வளர்ந்த குஞ்சும் காட்டாற்றில் வளர்ந்த குஞ்சும் ஒன்றல்ல என்பதை அவர்கள் அறிந்திலர். அந்தந்த ஆற்றின் குளிருக்கும் வேகத்துக்கும் ஏற்பத் தலைமுறை தலைமுறையாக அமைந்த இயல்பு, தொட்டியில் வளர்வதால் நாளடைவில் தேய்ந்துவிடும்.

இவ்வறிவைப் பொதுமக்களிடம் சேர்த்தவற்றுள் தனி மீன் ஒன்றும் உண்டு. ஐடஹோ மாநிலத்து ரெட்பிஷ் ஏரிக்குக் கடலிலிருந்து வரும் சொக்கை என்னும் சல்மன் இனம், ஏறக்குறைய 900 மைல் தூரமும் எட்டு அணைகளும் கடந்து வரவேண்டும். 1992 இல் அங்கு வந்து சேர்ந்தது ஒரேயோர் ஆண் மீன். 'தனிமை லாரி' என மக்கள் அதற்குப் பெயரிட்டனர். அறிக்கைகள் பல உணர்த்த மாட்டாததை அவ்வொரு மீன் நாடெங்கும் உணர்த்திற்று. அதன் விந்து பேணப்பட்டு, அவ்வினத்தை வளர்ப்பு முறையிற் காக்கும் முயற்சிக்கு உதவியது. எனவே பொரிப்பு நிலையம் முற்றும் தீதென்பது நம் கருத்தன்று. அது நோயுற்றார்க்கு மருந்து போன்றது, மருந்து உணவாகாது.

அதே 1992 இல் எல்வா ஆற்றை மீட்பதற்கான சட்டமும் நிறைவேறியது. பழங்குடியினர் இடையறாது வலியுறுத்தி வந்தமையும், இயற்கை ஆர்வலர் மக்களுக்கு எடுத்துரைத்தமையும் அதற்கு அடிப்படையாயின. 2011 இல் தொடங்கி 2014 இல் இரு அணைகளும் முற்றாக அகற்றப்பட்டன. நீரில் மூழ்கியிருந்த கிளாலம் மக்களின் படைப்புத் தலம் மீண்டும் வெளிப்பட்டது. சல்மன்கள் பழைய வழியே மேலேறின. ஆயினும் மக்கள் உடனே வலை வீசினாரல்லர். ஆறு தேறும்வரை மீன்பிடியை நிறுத்தி வைத்தனர். 2023 இலேதான் பழங்குடியினர் சடங்குக்கும் உணவுக்குமென அளவாக மீன் பிடித்தனர்.

ஒரு சட்டம் இருந்தும் 1913 இல் ஆறு அடைபட்டது. மற்றொரு சட்டத்தால் ஆறு திறக்கப்பட்டது. முன்னையதன் பின்னால் விழிப்புற்ற மக்கள் இல்லை. பின்னையதன் பின்னால் இருந்தனர். இயற்கையைக் காக்கும் சட்டத்துக்கு உயிர் கொடுப்பது மக்களின் அறிவே என்பதை எல்வா ஆறு நமக்கு உணர்த்துகின்றது.