அரியலூர்: பதினைந்து மாதம் இருந்து காணாமல் போன மாவட்டம்

இன்றைய பகுதியை ஒரு தேதியில் தொடங்கலாம். 2002 மார்ச் 31. நிதியாண்டின் கடைசி நாள். அன்றைக்கு அரியலூர் மாவட்டம் கலைக்கப்பட்டு மறுபடியும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. அந்த மாவட்டம் பிறந்தது 2001 ஜனவரி 1. எண்ணிப் பாருங்க, சரியாகப் பதினைந்து மாதம்.

பின்கதை சுருக்கமாக. 1995-ல் பழைய திருச்சி மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டமாயின. அரியலூர் பெரம்பலூருக்குள் போனது. இரண்டுக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் சுபாவமே வேறு. பெரம்பலூர் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். ரயில் கிடையாது. அரியலூர் விழுப்புரம்-திருச்சி கார்டு லைனில் வளர்ந்த ரயில் ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலைகள்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது அரியலூர் தனி மாவட்டம். அதனால் கணக்கு தனித்தனியாகவே பதிவாகியிருக்கு. அரியலூரில் சுமார் 6.95 லட்சம் பேர், பெரம்பலூரில் சுமார் 4.93 லட்சம் பேர். அதாவது, பெரிய மாவட்டத்தைக் கொண்டுபோய்ச் சின்ன மாவட்டத்துக்குள் சேர்த்தார்கள்.

காரணம் செலவு. 2001-ல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அரசு, கஜானா காலி என்று வெள்ளை அறிக்கையே வெளியிட்டது. அதே சிக்கன அலைதான் 2003-ல் அரசு ஊழியர் வேலைநிறுத்தம், ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரை பணிநீக்கம் என்று போய் நின்றது. முந்தைய தி.மு.க. அரசு உருவாக்கிய மாவட்டம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எது எவ்வளவு பங்கு என்பதை நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

ஒரு ஊருக்கு மாவட்டத் தலைநகர் என்ற பெயர் போனால் என்ன போகும்? கலெக்டர் ஆபீஸ், எஸ்.பி. ஆபீஸ் போகும். அதைச் சுற்றி மனு எழுதிக் கொடுக்கிறவர், ஜெராக்ஸ் கடை, டீக்கடை, வாடகை வீடு எல்லாம் ஆட்டம் காணும். ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயி திங்கட்கிழமை மனு கொடுக்கணும்னா, அரியலூரைத் தாண்டி இன்னொரு முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போகணும்.

இதே கதை அமெரிக்காவில் ராணுவத் தளம் இருக்கிற ஊர்களில் நடக்கும். மெய்ன் மாநிலத்தில் கிட்டரி என்ற சிற்றூர். அங்கே 1800-ல் தொடங்கிய போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கப்பல் தளம். 2005 மே மாதம் பென்டகன் வெளியிட்ட மூடல் பட்டியலில் அதுவும் இருந்தது. ஊரே மஞ்சள் டி-ஷர்ட் போட்டுத் தெருவில் நின்றது. ஆனால், அங்கே ஒன்பது பேர் கொண்ட ஆணையம் ஒன்று இருந்தது. அவர்கள் நேரில் வந்து பார்க்கணும், பொது விசாரணை நடத்தணும். சட்டப்படி முதல் அளவுகோல் ராணுவப் பயன். ‘எங்க பிழைப்பு போயிடும்’ என்று அழுதால் மட்டும் போதாது. இந்தத் தளத்தை மூடினால் கடற்படைக்கு என்ன நஷ்டம் என்று காட்டணும். காட்டினார்கள். ஆகஸ்டில் ஆணையம் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது.

அரியலூருக்கு வாதாட அப்படி ஒரு இடம் கிடையாது. மாவட்டத்தை உருவாக்கியதும் அரசாணை, கலைத்ததும் அரசாணை.

அந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கங்கைகொண்ட சோழபுரம் ராஜேந்திரனின் தலைநகர், படை இருந்த இடம். ஆயுதக்களம், உட்கோட்டை என்று சுற்றுவட்டார ஊர்ப் பெயர்களே சாட்சி. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டும்போது, கோயிலின் கருங்கல் வெளிமதிலைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். மலையிலிருந்து புதுக்கல் வெட்டுவதைவிட இது சுலபம், இல்லையா? ஊர்மக்கள் முடிந்த மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். கிடைத்தது தண்டனை. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்ற வாக்கும் நிறைவேறவில்லை என்று 1855-ல் வந்த ஒரு கட்டுரை குறைப்பட்டுக்கொள்கிறது. அணையால் பாசனம் கிடைத்தது உண்மை. ஆனால், மதிலை இழந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2002-க்கு வருவோம். கேட்க ஆணையம் இல்லாத இடத்தில் மிச்சம் இருப்பது ஓட்டுப் பெட்டி. தனி மாவட்டக் கோரிக்கை நீடித்தது. 2006-ல் ஆட்சி மாறியது. 2007 நவம்பர் 23 அன்று அரியலூர் மறுபடி மாவட்டமானது. (1956-ல் அரியலூர் ரயில் விபத்து நடந்ததும் இதே நவம்பர் 23. லால்பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தாரே, அந்த விபத்துதான்.) ‘மக்கள் போராடி மீட்டார்கள்’ என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனசு வரல. உருவாக்கிய கட்சி திரும்பி வந்தது, தான் உருவாக்கியதைத் திரும்ப உருவாக்கியது. 2006-ல் முடிவு வேறு மாதிரி வந்திருந்தால், கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் பெயர்ப் பலகையின் மதிப்பு பதினைந்து வருஷம் கழித்துத் தெரிந்தது. மாவட்ட மருத்துவமனைகளோடு சேர்த்து மருத்துவக் கல்லூரி அமைக்கும் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 11 கல்லூரிகள் வந்தன, 2022 ஜனவரியில் திறப்பு. அதில் அரியலூர் ஒன்று. பெரம்பலூர் அந்தப் பட்டியலில் இல்லை.