கிள்ளான் பள்ளத்தாக்கில் மோட்டார் வாகனம்

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886இல். அதே ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. சுரங்கங்களில் எடுத்த வெள்ளீயம் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் போன காலம் அது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸ், தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழருமான ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது.

கார் இங்கே கடைச்சரக்காகத்தான் வந்தது. 1899இல் கோலாலம்பூர் ஹை ஸ்ட்ரீட்டில், அதாவது இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீயில், சுவா சகோதரர்கள் ஃபெடரல் ஸ்டோர்ஸ் என்ற கடையைத் திறந்தார்கள். சோப்பும் ஜாதிக்காயும் விற்ற அந்தக் கடை, பின்னர் சைக்கிள் அண்ட் கேரியேஜ் என்று பெயர் மாறி, மிதிவண்டி, மோட்டார் சைக்கிள், கார் என்று வணிகத்தை விரித்தது. 1926இல் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போனது. 1951இல் மெர்சிடிஸ் பென்ஸ் முகவாண்மை கிடைத்தது.

கடை வரலாற்றை மட்டும் எழுதினால் பாதிக் கதை விடுபட்டுப்போகும். காற்றடைத்த டயருக்கு டன்லப் 1888இல் காப்புரிமை பெற்றார். ஃபோர்டின் மாடல் டி 1908இல் வந்தது. டயருக்கு ரப்பர் தேவைப்பட, 1910இல் அதன் விலை உச்சத்துக்கு ஏறியது. சிலாங்கூரில் காடுகள் அழிந்து தோட்டங்களாயின. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டினார்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுத் தம் மர நிரைக்குப் போனவர், பால்மரத்தின் பட்டையைச் சாய்வாக, மரத்தின் உயிர்ப்பகுதியில் கத்தி படாமல், மெல்லிய சீவலாக எடுப்பார். கோட்டின் வழியே பால் இறங்கி மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டும். வெயில் ஏறுமுன் வெட்டி முடித்தால்தான் பால் நன்றாகச் சுரக்கும். சேகரித்த பால் ஆலையில் அமிலம் கலந்து உறைய வைக்கப்பட்டு, உருளையில் தகடாகி, புகைக்கூடத்தில் பழுப்பேறும். 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (1972 முதல் போர்ட் கிள்ளான்) அதைக் கப்பலேற்றியது. 1920களில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவுடையது; அதில் பெரும்பங்கு அமெரிக்க டயர் ஆலைகளுக்குப் போனது. டெட்ராய்டின் கார் தோட்டத் தமிழரின் உழைப்பின் மீதுதான் உருண்டது. இந்த உண்மைக்குக் கார் வரலாற்று நூல்களில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

விடுதலைக்குப் பின் அரசு, முழுக் காராக இறக்குமதி செய்வதைக் குறைத்து உள்நாட்டிலேயே பொருத்தும் தொழிலை ஊக்குவித்தது. 1967இல் பத்து தீகாவில் சுவீடிஷ் மோட்டார் அசெம்பிளீஸ் ஆலை வோல்வோ கார்களைப் பொருத்தத் தொடங்கியது. அதைச் சூழ்ந்து எழுந்த ஷா ஆலம் நகரம், சுங்கை ரெங்கம் என்று அழைக்கப்பட்ட ரப்பர், செம்பனைத் தோட்ட நிலத்தில் அமைந்தது. டயருக்குப் பால் கொடுத்த மண்ணிலேயே கார் ஆலைகள் நின்றன.

பிரதமர் மகாதீர் முன்னெடுத்த தேசியக் கார்த் திட்டத்தின்படி புரோட்டோன் நிறுவனம் 1983 மே 7 அன்று பதிவானது. அரசு நிறுவனமான ஹைக்கோம் 70 விழுக்காடு, மிட்சுபிஷி குழுமத்தின் இரு நிறுவனங்கள் மீதி 30 விழுக்காடு என்று பங்கு பிரிந்தது. மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்ட புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9 அன்று அறிமுகமானது. 1993இல் தொடங்கிய இரண்டாம் தேசியக் கார் நிறுவனமான பெரோடுவா, மறு ஆண்டு ரவாங் ஆலையிலிருந்து கஞ்சில் காரை வெளியிட்டது. 2017இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கு சீனாவின் கீலி நிறுவனத்துக்குப் போனது. புரோட்டோனின் ஷா ஆலம் ஆலையிலிருந்து வெளிவந்த முதல் சாகா கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது.