அடுமனையும் நியாயப்பிரமாணமும்

வெள்ளாட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்கலாகாது என்னும் விலக்கு மோசேயின் ஆகமங்களில் மும்முறை காணப்படுகிறது (யாத். 23:19, 34:26, உபா. 14:21). இறைச்சியையும் பாலையும் முற்றிலும் பிரித்து வைக்கும் ஒழுங்கை ரபிமார் இதினின்றே வகுத்தனர். அவ்வொழுங்கு அப்பத்தையும் தொட்டது. பாலில் பிசைந்து சுட்ட அப்பத்தை ஒருவர் அறியாமல் இறைச்சியோடு உண்ணக்கூடுமாதலால், அவ்வாறு பிசைதலையே பாபிலோனியத் தல்மூத் விலக்குகிறது. இறைச்சியும் பாலும் சேராத நடுநிலைப் பொருளை யூதர் 'பாரெவ்' என்பர்; விதிக்கு இசைந்த உணவு 'கோஷர்' எனப்படும்.

கிழக்கு ஐரோப்பாவின் சிற்றூர்களில் இவ்வொழுங்கைக் கைக்கொள்வது அரிதன்று. மாவு அரைப்பவரும் அப்பம் சுடுபவரும் அறிமுகமானவர்களே. ஆனால் 1881 முதல் 1914 வரை ஏறக்குறைய 20 லட்சம் யூதர் அமெரிக்காவில் குடியேறினர். அங்கே உணவுப்பொருள் ஆலைகளிலிருந்து வந்தது. பன்றிக்கொழுப்பு அடுமனைகளில் சாதாரணமாக வழங்கியது. எதை நம்பி வாங்குவது என்னும் வினா எழுந்தது.

இவ்வினாவிற்கு விடைகாண முதலில் எடுத்த முயற்சி துயரமாய் முடிந்தது. 1888-ல் நியூயார்க்கின் வைதிகச் சபைகள் சில வில்னா நகரினின்று யாக்கோபு யோசேப்பு என்னும் ரபியைத் தலைமை ரபியாக வரவழைத்தன. கோஷர் கோழிகளுக்கு முத்திரையிட்டு அவர் தண்டிய சிறு கட்டணம், ருஷியாவில் தாங்கள் செலுத்திய இறைச்சி வரியை மக்களுக்கு நினைப்பூட்டிற்று. எதிர்ப்பு மிகுந்தது. அவர் 1902-ல் மரித்தார். பதவியினால் மாத்திரம் நம்பிக்கை பிறவாது என்பதற்கு அவருடைய வரலாறு சான்றாகும்.

1911-ல் 'கிரிஸ்கோ' என்னும் புதுக்கொழுப்பு சந்தைக்கு வந்தது. பருத்திக்கொட்டை எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கட்டியாக்கிய இதில் இறைச்சியுமில்லை, பாலுமில்லை. வெண்ணெயையோ வாத்துக்கொழுப்பையோ நாடியிருந்த இல்லத்தரசிகளுக்கு இது பெரும் வசதியாயிற்று. 1933-ல் அந்நிறுவனம் இத்திஷ், ஆங்கிலம் ஆகிய இருமொழிகளில் யூத மகளிருக்கென்றே சமையல் நூலொன்றை வெளியிட்டது.

எனினும் பெயரளவில் தீங்கற்றவையாய்த் தோன்றும் பொருள்களே பெருஞ்சிக்கலை விளைவித்தன. கிளிசரின் மாட்டுக்கொழுப்பிலிருந்தும் வரலாம், தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம். கண்ணுக்கும் நாவுக்கும் வேறுபாடு தோன்றாது. அட்லாண்டா நகரின் ரபி தோபியா கெஃபன் கோக்கக்கோலா பானத்தை ஆராய்ந்தபோது, அதில் மிகச் சிறிதளவு மாட்டுக்கொழுப்புக் கிளிசரின் இருப்பதைக் கண்டார். தவறிக் கலந்த சிற்றளவு பொருட்படுத்தத்தக்கதன்று. அறிந்தே சேர்ப்பதோ வேறு என்று அவர் தீர்த்தார். நிறுவனம் தாவரக் கிளிசரினுக்கு மாறவே, 1935-ல் அனுமதி வழங்கினார். அதே ஆண்டில் ஆபிரகாம் கோல்ட்ஸ்டீன் என்னும் வேதியியலறிஞர் 'ஓ.கே.' என்னும் சான்றளிப்பு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1898-ல் அமைந்த வைதிக யூதச் சபைகளின் ஐக்கியமோ 1920-களிலேயே இப்பணியைத் தொடங்கியிருந்தது. வட்டத்துள் 'யு' எழுத்தைக் கொண்ட அதன் முத்திரை இன்று உலகெங்கும் வழங்குகிறது. பணியாரத்திற்கான நறுஞ்சாரம், குழைமம், மாவுக்கொழுப்பு ஆகியவற்றைப் பிறப்பிடம் வரை தேடிச்சென்று ஆய்வதே சான்றளிப்போரின் வேலை.

இவ்வரலாறு நமக்கு என்ன போதிக்கிறது? பேதுருவின் தரிசனத்தை (அப். 10) விளக்கும்போது, யூதரின் உணவு ஒழுங்கை உயிரற்ற சடங்கென்று ஏளனஞ்செய்யும் வழக்கம் நம் பிரசங்க பீடங்களில் உண்டு. சுவிசேஷம் நமக்கு அருளிய சுயாதீனத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் பொட்டலத்தின் மேலுள்ள சிறு முத்திரையைத் தேடிப்பார்க்கும் பெண்மணி, தன் அடுப்பண்டையிலும் தேவனுக்குக் கீழ்ப்படிய விரும்புகிறாள். அவளைப்பற்றி அறியாமல் இகழ்ந்துரைப்பது, பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சியேயன்றி வேறன்று. அத்தகைய சாட்சி கிறிஸ்தவ நாடுகளில் யூதருக்கு எத்தனை கொடுமைகளை விளைவித்தது என்பதைத் திருச்சபை மறக்கலாகாது.

பிசைந்த மாவின் முதற்பங்கைக் கர்த்தருக்குப் படைக்கும் கட்டளையும் (எண். 15:17-21) அவர்களிடையே மறைந்துபோகவில்லை; ஆலயம் இல்லாத இக்காலத்திலும் மாவில் ஒரு துண்டைப் பிரித்தெடுத்து எரித்துவிடுகின்றனர். அம்முதற்பங்கு பரிசுத்தமாயின் மாவு முழுவதும் பரிசுத்தமே என்னும் உவமையை இஸ்ரவேலைக் குறித்துப் பவுல் எடுத்தாளுகிறார் (ரோமர் 11:16). அதையடுத்து, ஒட்டப்பட்ட கிளைகளாகிய நாம் பெருமை பாராட்டலாகாதென்று எச்சரிப்பவரும் அவரே.