எழுதிவைத்தவரும் ஓதிக்கொடுத்தவரும்

அனுபவம் மிக்க ஊழியர் ஒருவர் ஓய்வுபெறும்போது, அவர் அறிந்தவையும் அவருடனேயே விடைபெறுவதைப் பணியிடங்களில் காண்கிறோம். சிலர் யாவற்றையும் குறித்துவைப்பர். பிறர் கேட்டாலன்றிக் காட்டமாட்டார்கள். சிலர் எதையும் எழுதார். அருகிலிருப்போர்க்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பர். இவ்விரு இயல்புகளையும் ஹதீஸ் கலையின் தொடக்க வரலாற்றில் இரு நபித்தோழர்களிடம் காணலாம்.

அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் செவியுற்றதை எழுதிவைக்கும் இயல்பினர். கோபத்திலும் மகிழ்ச்சியிலும் பேசப்படுபவற்றையெல்லாம் எழுதலாமா என்று குறைஷியர் சிலர் ஆட்சேபித்தனர். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நபி (ஸல்) அவர்களிடமே கூறினார். தம் வாயிலிருந்து சத்தியத்தைத் தவிர வேறெதுவும் வெளிப்படாது என்று விளக்கிய நபியவர்கள், எழுதுமாறு பணித்தார்கள். அவ்வாறு உருவானதே 'அஸ்ஸஹீஃபா அஸ்ஸாதிகா' என்னும் ஏடு.

அபூஹுரைரா (ரலி) அவர்களோ ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் மதீனா வந்து, திண்ணைத் தோழர்களுள் ஒருவரானார்கள். முஹாஜிர்கள் கடைவீதியிலும் அன்சாரிகள் தங்கள் சொத்துகளைப் பராமரிப்பதிலும் ஈடுபட்டிருந்த வேளைகளில், கிடைத்த உணவோடு நபியவர்களை விட்டு அகலாதிருந்தார்கள். தம்மைவிட அதிக ஹதீஸ்களை உடையவர் அப்துல்லாஹ் பின் அம்ர் ஒருவரே, அவர் எழுதினார், தாம் எழுதவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்ட செய்தி புகாரியில் உள்ளது.

ஆயினும் நம்மை வந்தடைந்த கணக்கு தலைகீழானது. அபூஹுரைரா (ரலி) வழியாக வந்தவை 5374 என்றும், அப்துல்லாஹ் (ரலி) வழியாக வந்தவை ஏறத்தாழ 700 என்றும் அறிஞர்கள் குறிப்பிடுவர். இதற்கு இப்னு ஹஜர் (ரஹ்) கூறும் காரணங்கள் சிந்திக்கத்தக்கவை. அப்துல்லாஹ் (ரலி) கற்பித்தலைவிட வணக்க வழிபாட்டில் மிகுதியாக ஈடுபட்டார்கள். எகிப்திலும் தாயிஃபிலும் வாழ்ந்தார்கள். அபூஹுரைரா (ரலி) இருந்ததோ, கல்வி தேடுவோர் திரண்டுவந்த மதீனா. இறுதிவரை அங்கே கற்பித்தார்கள். ஸாதிகா ஏட்டை முஜாஹித் (ரஹ்) எடுத்தபோது அப்துல்லாஹ் (ரலி) தடுத்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. அதைக் குறையென நாம் கருதவில்லை. நபியவர்களிடம் நேரில் கேட்டெழுதிய ஏட்டின்மீது அவர்களுக்கிருந்த பேணுதல் அத்தகையது. அவ்வேட்டின் செய்திகளும் அவர்களுடைய பேரர்களின் வழியே அறிவிக்கப்பட்டு, இமாம் அஹ்மதின் முஸ்னதில் இடம்பெற்றன.

எழுதாத அபூஹுரைராவின் அறிவை எழுதியவர் அவர்களுடைய மாணவர், யமன் நாட்டு ஹம்மாம் பின் முனப்பிஹ் (ரஹ்). ஆசிரியரின் நினைவாற்றலும் மாணவரின் எழுதுகோலும் இங்கே இணைந்தன. 138 ஹதீஸ்கள் கொண்ட அந்த ஏட்டின் பிரதிகளை டமாஸ்கஸிலும் பெர்லினிலும் கண்டெடுத்து, 1953இல் அறிஞர் முஹம்மத் ஹமீதுல்லாஹ் பதிப்பித்தார். முஸ்னதில் உள்ளவற்றோடு ஒப்புநோக்கியபோது, சிறு சொல் வேறுபாடுகள் தவிர அவை ஒத்திருந்தன.